மூணாவது படத்தைத் தொட்டா டுப்

ஒரு ஊர்ல ஒரு டேப்லெட் இருந்துச்சாம். முழுங்குற மாத்திரை இல்லடி, தொட்டா படம் காட்டுற பலகை. செங்கோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல, ரிஃபான்னு ஏழு வயசுப் பிள்ளை கையில இருந்துச்சு. அவளுக்குக் காது கேக்கும், பேச்சு வராது. அதனால ஆவுடைச்செல்வின்னு ஒரு அக்கா அவளுக்காக ஒரு ஆப் செஞ்சு கொடுத்தா. தண்ணி படத்தைத் தொட்டா டேப்லெட்டு "தண்ணி"ன்னு பேசும். மூணு படத்தை வரிசையாத் தொட்டா ஒரு முழுப் பேச்சு. ம் சொல்லு. ஆங்.

ஆனா, ரெண்டு படம் வரைக்கும்தான் பேசும். மூணாவதைத் தொட்டா, டுப். ஆப் மூடிக்கும். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆவுடையோட போன்ல மட்டும் முப்பது தொட்டாலும் ஜம்முனு ஓடும். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா டேப்லெட்டைத் திருப்பி அனுப்பிடுவோம்னு எமல்டா டீச்சர் சொல்லிட்டாங்க. அப்புறம் ரிஃபா பழையபடி கையக் கால ஆட்டி, யாருக்கும் புரியாம அழ வேண்டியதுதான்.

ஆவுடை பொறவியிலேயே சந்தேகக்காரி. தன் ஆப் தானா மூடாது, யாரோ மூடுறாங்கன்னு முடிவே பண்ணிட்டா. மொத சந்தேகம் ரிஃபா மேல. பக்கத்துல உக்காந்து பிள்ளையோட விரலையே முறைச்சுக்கிட்டு, "நீதான மூடுற?"ன்னு கேட்டா.

ரிஃபா படத்தைத் தொட்டா. "நான்." "இல்ல." டுப்.

அப்புறம் டீச்சர் மேல சந்தேகம். சுவத்துல மாட்டுற படச் சார்ட்டே போதும்னு சொல்லிட்டு இருந்தவங்களாச்சே. எப்படித் தெரியுமா, மூக்கால: "எங்ஙளுக்கு ஞார்ட்டே போதும் ஞெல்வி." அவங்களை நாசூக்கா வேப்பமரத்தடிக்கு அனுப்பிட்டு, ஜன்னல் வழியா ஒரு கண்ணால அவங்களையும் பாத்துக்கிட்டு, பிள்ளையைத் தொடச் சொன்னா. "நான்." "இல்ல." டுப்.

அப்போ மூணாவது சந்தேகம், டேப்லெட்டுல இருந்த பலூன் விளையாட்டு மேல. பொறாமையில நம்ம ஆப்பைத் தள்ளி விடுதோன்னு அதையும் அழிச்சுட்டா. ரிஃபா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தொட்டா. "நான்." "இல்ல." டுப். பிள்ளை பலகையைத் தள்ளிட்டு சாப்பாட்டு வரிசைக்குப் போயிருச்சு.

தூங்கிட்டியா? உன் 'ம்' மேல எனக்கே சந்தேகமா இருக்கு.

சமையல்காரம்மா ரிஃபா தட்டுல அப்பளம் போட்டாங்க. ஒண்ணு, மேல ஒண்ணு. மூணாவது வெச்சதும் சோத்துக்கு இடமில்ல. பேசாம அதை எடுத்துக் கூடையில வெச்சுட்டுப் போய்ட்டே இருந்தாங்க. ஆவுடை அப்படியே நின்னுட்டா. கட்டா இருக்கும்போது நூறு அப்பளம் ஒரு கைக்குள்ள அடங்கும். பொரிச்சா? ஸ்ஸ்ஸ்னு உப்பி தட்டையே மறைச்சுரும்.

அவ படங்களும் அந்த சாதிதான். பெரிய போன்ல எடுத்தது. கோப்பா மடங்கிக் கெடக்கும்போது துளியூண்டு, திரையில காட்ட விரிச்சா பூதம். தொட்ட படத்தையெல்லாம் அவ ஆப்பு விரிச்சபடியே வேற வெச்சிருந்துச்சு. அவ போன் கல்யாணப் பந்தி இலை, இந்த டேப்லெட்டு பால்வாடித் தட்டு. டேப்லெட்டுக்குள்ள மினிபஸ் கண்டக்டர் மாதிரி ஒருத்தர் உண்டு. இடம் ரொம்பப் பிடிச்சா "எறங்கு எறங்கு, எடமில்ல"ன்னு உள்ளுக்குள்ளயே முனகிக்கிட்டு ஆளைத் தள்ளிருவாரு. வெளிய ஒண்ணும் கேக்காது, ஆப் டுப்புன்னு மூடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஆவுடை படத்தையெல்லாம் திரைக்கு வேணுங்கிற அளவுக்குச் சுருக்குனா. பேசி முடிச்ச படத்தை உடனே எறக்கி வைன்னு ஆப்புக்கும் சொல்லிக் கொடுத்தா.

வெள்ளிக்கிழமை. டீச்சர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ரிஃபா ஆவுடையை நல்லா மொறைச்சுப் பாத்துட்டுத் தொட்டா. "நான்." "இல்ல."

ஆவுடை பிள்ளையோட விரலையே பாத்துக்கிட்டு நின்னா.

மூணாவது, விரலை நீட்டிக் காட்டுற படம். "நீ."

டுப் இல்ல. டீச்சர் மூக்கால சிரிச்சாங்க, ஞிஞிஞின்னு. அத்தனை தடவையும் பிள்ளை சொல்ல வந்தது அதுதான். ஆவுடை முகம் தண்ணி பட்ட அப்பளமாட்டம் தொங்கிருச்சு. ரிஃபாவா விடுவா? நான் இல்ல நீ, நான் இல்ல நீன்னு மணியடிக்கிற வரைக்கும் தொட்டுக்கிட்டே இருந்தா.

அப்பளம் நொறுங்கியாச்சு, கதையும் தீந்தாச்சு. உன் தலையில இருக்குறதை எல்லாம் எறக்கி வெச்சுட்டுத் தூங்கு. டுப்.