பிந்திய விரலும் பிந்தாத பெட்டியும்

விடை சொல்ல வல்லவர்கள் செவி கொடுங்கள். பாளையங்கோட்டையில் பாட்டுத் தொழில் செய்வோரிடையே வழங்கும் கதை இது. இதில் வரும் கருவியை ஆர்மோனியம் என்று சொல்வாரும் உண்டு; அது பிழைபட்ட பாடம். ஆர்மோனியமாக இருந்திருந்தால் இந்தக் கதை நடந்தே இராது. அது கீபோர்டு.

அங்கே செல்வின் என்பவன் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக் கிறிஸ்தவ கீதங்களுக்கு இசையமைத்து வந்தான். கணினியின்முன் அமர்ந்து பதிவைக் கவனித்தவள் எஸ்தர். கீபோர்டு வாசித்தவர் சவரிராயன். இருவருக்கும் மூத்தவர், செல்வினின் முதல் பாட்டிலிருந்தே அவனோடு இருப்பவர்.

அந்தக் கூடத்தில் கீபோர்டுக்கென்று தனிக்குரல் கிடையாது. விசையை அழுத்தினால் ஒலி கணினிக்குள் பிறந்துதான் காதுக்கு வரவேண்டும். கணினி பழையதானால் ஒலி ஓர் இமைப்பொழுது பிந்தும்.

ஒருநாள் விரைவான பாட்டொன்றில் சவரிராயனின் சுரங்கள் தாளத்துக்குப் பின்னால் விழுந்தன. கண்ணாடிக்கு அப்பால் நின்ற பாடகர்களில் ஒருவர், "அண்ணாச்சி விரலு பாசஞ்சர் வண்டில்லா, ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு வருது" என்றார். சிரிப்பு எழுந்தது. சவரிராயனின் முகம் சுண்டிப்போயிற்று. செல்வின் முந்திக்கொண்டான்: "அவர என்னத்துக்குய்யா சொல்லுதீரு? மெஷின் பழசு, அதுதான் பிந்துது."

அது முழுப் பொய் அன்று. கணினி சற்றே பிந்தத்தான் செய்தது. ஆனால் விரல் அதைவிடப் பிந்தியது. ஒவ்வொரு சுரமும் எங்கே விழுந்தது என்பதைத் திரையில் காண்பவளாதலால் எஸ்தருக்கு அது தெரியும். அன்றுமுதல் சவரிராயன் வீட்டுக்குப் போனபின், பிந்திய சுரங்களை ஒவ்வொன்றாகத் தாளத்தின்மேல் நகர்த்தி வைத்தாள். மறுநாள் அதைக் கேட்டு, "பாத்தியா, நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன். வாசிக்கும்போதுதான் பிந்திக் கேக்குது" என்று அவர் மகிழ்வார். ஞாயிறுதோறும் அவர் வாசிக்கும் தேவாலயத்தில் கீதங்கள் நிதானமாகச் செல்வதால் அங்கே அவருக்கு ஐயம் எழவில்லை.

ஆயினும் தேநீர்க் கிளாஸை அவர் இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கியதை எஸ்தர் கண்டாள்.

"நரம்புல என்னமோ இருக்கு அண்ணே. டாக்டர்ட்ட காட்டச் சொல்லணும்" என்றாள் செல்வினிடம்.

"சொன்னா வாசிப்பையே விட்டுருவாரு. அதுக்குப் பொறவு அவருக்கு என்ன இருக்கு?" என்றான் அவன்.

அப்படியிருக்க, ஒரு பெரிய நிறுவனம் புதிய மேசைக் கணினி ஒன்றை அறிவித்தது. ஊரின் இசைக்காரர்கள் கூடும் வாட்ஸ்அப் குழுவில் அன்று வேறு பேச்சில்லை. ஒருவர், நூறு வயலினை ஒருசேர ஒலிக்கச் செய்யலாம் என்று எழுதினார். "நூறு வயலினுக்கும் சேத்து ஒரு பாட்டு கெடைக்குமாவே?" என்று கேட்டார் தபலாக்காரர். கூடத்தில் மூவரும் செல்வினின் கைப்பேசியில் அந்த அறிவிப்பைப் பார்த்தார்கள். விரலுக்கும் ஒலிக்கும் நடுவே இனி இடைவெளியே தெரியாது என்று அதில் சொல்லப்பட்டபோது, செல்வினும் எஸ்தரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சவரிராயன் மட்டும் தொடையில் தட்டினார்.

"வாங்குல செல்வின்! இனி எவன் என்னயப் பாத்துச் சிரிக்கான்னு பாத்துருவோம்."

வாங்காமலும் இருக்க இயலவில்லை. பழைய கணினி பாதிப் பாட்டில் நின்றுபோகத் தொடங்கியிருந்தது. புதியது வந்து பெட்டியைப் பிரித்த அன்று செல்வின் எஸ்தரைத் தனியே அழைத்தான்.

"செட்டிங்க்ல கொஞ்சம் பிந்த வச்சிரு. பழசு மாதிரியே இருக்கட்டும்."

"இம்புட்டு வேகத்த வாங்கி, அதுக்கு வெலங்கு மாட்டச் சொல்லுதியளா?"

"மெஷினுக்குத்தான மாட்டுதோம். மனுசனுக்கு இல்லியே."

எஸ்தரோ, காலையில் சவரிராயன் வந்ததும் வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்தாள்.

அவரோ பாடகர் குழுவையும் கூட்டிக்கொண்டு, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். புதுப்பொருளை ஜெபம் செய்து தொடங்குவது அங்குள்ள வழக்கம். மூத்தவர் என்பதால் அது அவர் பொறுப்பாயிற்று. கணினியின்மேல் கைவைத்துக் கண்மூடி, "என் கையை எனக்குத் திரும்பத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். எஸ்தரும் ஆமென் என்றாள். அதன்பின் அவளுக்கு வாய் எழவில்லை. செட்டிங்கையும் அவள் தொடவில்லை.

சவரிராயன் ஓரடி வாசித்தார். தாளம் முன்னே போயிற்று. சுரம் பின்னே வந்தது. மறுபடியும் வாசித்தார், மறுபடியும் அப்படியே. பிறகு தம் விரல்களைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

"எஸ்தரு செட்டிங்க சரியா வைக்கல, அண்ணாச்சி" என்றான் செல்வின்.

அவர் அவனைப் பார்த்தார். கண்ணீரோடு நின்ற எஸ்தரையும் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றிக் கீபோர்டின்மேல் மெல்ல வைத்தார்.

"அழாத தாயி. உன் பேர்ல தப்பு இல்ல. இந்த மெஷினும் பிந்தத்தான் செய்யுது" என்றார். "சரியானதும் சொல்லி அனுப்புங்க."

படியிறங்கிப் போய்விட்டார்.

அன்பினால் பொய் சொன்னவன் செல்வின். அந்தப் பொய்யைத் தொடர மறுத்தவள் எஸ்தர். உண்மையைத் தம் காதாலேயே கேட்டபின், அதே பொய்யைத் தம் வாயால் சொன்னவர் சவரிராயன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: செல்வினின் பொய் ஒருவரின் மானத்தைக் காத்தது, கூடவே அவர் நோயையும் காத்தது, ஆகவே சரியன்று. எஸ்தர் உண்மையின் பக்கம் நின்றாள். ஆனால் தனியே தன் வாயால் சொல்லவேண்டியதைப் பலர்முன் ஒரு பெட்டி சொல்லும்படி விட்டாள். சவரிராயனின் சொல்லை அங்கு ஒருவரும் நம்பவில்லை. யாரையும் ஏமாற்றாத சொல் பொய்யாகாது. அவ்விருவர் மேலும் விழவிருந்த பழியை அவர் தம்மோடு எடுத்துக்கொண்டு போனார். ஆகவே அவர் செய்ததே சரி என்பர் பெரும்பாலோர். எஸ்தர் செய்ததே சரி என முடிக்கும் பாடமும் ஒன்று உண்டு. அதில் அவர் மறுவாரம் மருத்துவரிடம் போகிறார். எந்தப் பாடத்திலும் அவர் கூடத்துக்குத் திரும்பவில்லை. மெஷின் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினால் அது பொய். மெஷின் பிந்தவே இல்லை என்று சொல்லி அனுப்ப மனம் வராது. அவரைத் திரும்ப அழைப்பதற்கான சொல்லைச் செல்வினும் எஸ்தரும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.