மார்பளவுத் தண்ணீர்

ஏரிமேல் பனி இறங்கியிருந்த காலை. எது தண்ணீர், எது வானம் என்று தெரியவில்லை. மார்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் நின்று பனியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கரைக்கு முதலில் ஓடிவந்தவர் சேவுகன். தீயணைப்புக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நிற்கும் முன்பே கயிற்றில் முடிச்சு தயாராகிவிடும். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் இன்னும் ஓர் அடி பின்னால் போனாள்.

சேவுகன் அப்படியே நின்றுவிட்டார். போன மாதம் ஓர் இளைஞனை இப்படித்தான் அவசரப்பட்டுப் பிடிக்கப்போய்ப் பறிகொடுத்திருந்தார். அன்றிலிருந்து உள்ளுக்குள் பயம், வெளியே அதட்டல். இன்னொரு உயிர் தன் கண்முன்னே போனால் தாங்கமாட்டார்.

கூட வந்தவர் மங்கையர்க்கரசி. மனம் கலங்கியவர்களிடம் எப்படிப் போவது என்று தீயணைப்பு நிலையத்தில் பாடம் நடத்துபவர். சேவுகனைவிடப் பத்து வயது இளையவர்தான். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

“கயித்த எப்படி வீசட்டும் டீச்சர்?”

“அவங்க மேல வேண்டாம். என் இடுப்புல கட்டுங்க.”

கட்டினார். டீச்சர் மெதுவாக இறங்கிப் போய், பத்தடி தள்ளி நின்றார். தன் பெயரைச் சொன்னார். அவள் பெயரைக் கேட்டார். தங்கபுஷ்பம் என்றாள். பனிக்குள்ளிருந்து செத்துப்போன அக்கா கூப்பிடுகிறாளாம். டீச்சர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தனக்குக் கேட்கவில்லை என்றார். கேட்கும்போது பயமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

அவள் அழுதாள். டீச்சர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு முக்குளிப்பான் பறவை நீந்திப் போனது. பனி நகர்ந்ததா, ஏரி நகர்ந்ததா என்று சேவுகனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இழுத்துவிடலாமா என்று கை மட்டும் பரபரத்தது.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களுக்குப் பல்லு தந்தியடிக்குதே. வாங்க, கரைக்குப் போயிரலாம்.”

டீச்சரின் கையைப் பிடித்து அவள்தான் கூட்டிவந்தாள்.

இருவரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். பிறகு டாக்டரிடம் போக அவளே சம்மதித்து வண்டி ஏறினாள். சேவுகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே டீச்சர் பக்கம் வந்தார்.

“அப்படி நடுங்குற மாதிரி இருக்கணும்னு பாடத்துல சொல்லவே இல்லையே டீச்சர். எனக்கும் கத்துக்குடுங்க.”

“எனக்கு நெசமாவே குளிருச்சு அண்ணே.”