மருதூர்ப் பெண்கள் கேட்ட ஓலை

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு, அப்படிப்பட்ட ராஜா. அவர் சபையில் உத்தமநம்பி என்றொரு பிரதானி. கெட்டிக்காரர்தான், ஆனால் மந்திரி அறவாழியை யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் மருதூர்ப் பெண்கள் திரண்டு வந்தார்கள். அந்த ஊருக்காகச் சபையில் பேசுகிறவர் அறவாழி.

"ஐயா, ஏரியைப் பார்த்துக்க ஆள் தேர்ந்தெடுக்கையில ஆம்பளைங்கதான் பேரெழுதிக் குடத்துல ஓலை போடுறாங்க. கரை உடைஞ்சா மண் சுமக்கிறது நாங்க. எங்களுக்கும் ஓலை வேணும். ராஜாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள் பூவாத்தாள்.

'என்னிடம் ஒருத்தியும் வரவில்லையே!' நம்பிக்கு வயிறு எரிந்தது. அறவாழி சபையில் பேச்சை எடுத்ததுமே நம்பி துள்ளி எழுந்தார்.

"மன்னா, பெண்கள் பொறாமைக்காரிகள். ஆளாளுக்குத் தன் பேரையே எழுதுவார்கள். சோதித்துப் பாருங்கள்!"

"சரி, ஏரிக்குத் தகுந்தவளைத் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கட்டும். நீர் சொன்னபடி நடந்தால் அறவாழியின் பதவி உமக்கு" என்றார் ராஜா.

அறவாழி சிரித்தார். "ஆகட்டும் மன்னா. கூடவே நம் சபையில் சிறந்த அறிவாளி யாரென்று நாங்களும் ஓலை போடுகிறோமே!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. இரண்டு குடங்கள் வந்தன.

நம்பி எழுத்தாணியைப் பிடித்தார். அறவாழிதான் என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. தன் பேரையே எழுதிப் போட்டார்.

பெண்களின் குடத்தைக் கவிழ்த்தார்கள். ஓர் ஓலை தவிர எல்லாவற்றிலும் காமக்காள் பேர். போன வெள்ளத்தில் உடைப்பை அடைத்தவள் அவள். அவள் மட்டும் பூவாத்தாளை எழுதியிருந்தாள்.

"உனக்கு வருத்தமில்லையா?" என்று ராஜா பூவாத்தாளைக் கேட்டார்.

"எனக்குப் பேச வரும் சாமி. மடை அடைக்க அவதான்."

சபையோர் குடத்தில் ஆளுக்கொரு ஓலை, அவரவர் பேரில். நம்பிக்கு மட்டும் இரண்டு!

"அந்த இன்னொன்று யார் போட்டது?" என்றார் ராஜா.

"நான்தான்" என்றார் அறவாழி. "வாய்க்கால் வெட்டும் வித்தையில் நம்பியை மிஞ்ச இந்த நாட்டில் ஆளில்லை மன்னா. என்னையே பார்த்துக்கொண்டிருப்பதால் அது அவருக்கே மறந்துபோயிற்று."



"பெண்களுக்கு ஓலை உண்டு!" என்றார் ராஜா. "நம்பி, நீர்தான் ஜெயித்தவராயிற்றே. மருதூருக்குப் போய்க் குடத்தைப் பிடியும்."

அடுத்த தேர்தலில் மருதூர்க் கரையில் நம்பி குடத்தோடு நின்றார். முதலில் வந்த பூவாத்தாள் அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் குனியுங்கய்யா, எட்டலை."

நம்பி குனிந்தார்.