நம்பிராஜன் மூடச் சொன்ன குழு

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபத்தொன்று. இருவருக்குமே அதில் கூச்சம் இருக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறைகள். அங்கிருந்துதான் ஜெசிந்தா அந்த இணையக் குழுவை நடத்திவந்தாள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்து வந்து போகிறவர்கள் அதில் சேர்வார்கள். சொந்தப் பெயரை மறைத்துத் தங்களுக்குள் எழுதிக்கொள்வார்கள். முன்னூறு பேருக்கு மேல் இருந்தார்கள். சேரும்போது, அவசரமென்றால் யாரைக் கூப்பிடலாம் என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் ஜெசிந்தாவிடம் கொடுத்துவைக்க வேண்டும். வேறு நிபந்தனை கிடையாது.

நம்பிராஜன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஏதாவது தொண்டு செய்யலாம் என்று வந்தார். அப்படித்தான் சொன்னார். வருகிற பதிவுகளைப் படித்து, பயப்படும்படி ஏதாவது இருந்தால் ஜெசிந்தாவிடம் காட்டுவது அவர் வேலை.

மூன்று வாரம் படித்தார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெசிந்தாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மேடம், இந்தக் குழுவை மூடிரலாம்."

"ஏன் சார்?"

"பழுதான லைனையெல்லாம் ஒரே இடத்துல கொண்டுவந்து சேர்த்த மாதிரி இருக்கு. ஒருத்தர் எழுதுனதப் படிச்சு இன்னொருத்தர் இன்னும் கீழ போவாரு. இவங்கள்ல யாரு யாரைத் தூக்கிவிட முடியும்?"

ஜெசிந்தா மறுக்கவில்லை. அந்தப் பயம் தனக்கும் உண்டு என்றாள். அதனால்தான் ஒரு பதிவு விடாமல் படிக்கிறேன், எப்படிச் சாவது என்று எவராவது எழுதினால் அந்த நிமிஷமே எடுத்துவிடுகிறேன் என்றாள். மிச்சத்தைச் சாயங்காலம் பேசுவோம் என்று அனுப்பிவைத்தாள்.

அவர் கணினி முன்னால் திரும்ப வந்து உட்கார்ந்தபோது மணி மூன்று பத்து. ஆவாரம்பூ என்ற பெயரில் ஒரு பதிவு வந்திருந்தது. ஈரோட்டில் தனியாக வீடெடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பெண். மாதக்கணக்காகத் தூக்கம் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவள்.

'எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கோட முடிச்சுக்கறேன். யாரும் திட்டாதீங்க.'

நம்பிராஜன் ஜெசிந்தாவை உட்கார்ந்தபடியே கூப்பிட்டார். ஜெசிந்தா வந்து படித்தாள். படித்தபடியே அந்தப் பெண் கொடுத்திருந்த எண்ணைத் தேடினாள்.

"நான் இவ அக்காவைப் பிடிக்கேன். அதுவரைக்கும் நீங்க இவகூடப் பேசுங்க."

"நான் என்னத்த எழுத?"

அவள் அதற்குள் அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் 'வாழ்க்கை என்பது' என்று ஆரம்பித்தார். அழித்தார். அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். கறிவேப்பிலை என்ற பெயரில் எழுதும் அம்மாள், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து டைப் பண்ணு என்று எழுதினாள். முந்தாநாள்தான் அவள், நாளைக்கு விடியாமலே போய்விடக் கூடாதா என்று கேட்டிருந்தாள். தஞ்சை லாரி என்ற பெயர்க்காரர், வண்டியை ஓரங்கட்டிவிட்டேன், நீ பேசுகிறவரை எடுக்கமாட்டேன் என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்காக ஜெசிந்தா யாரையோ கூப்பிட வேண்டியிருந்தது. இப்படிப் பதினோரு பேர். இருந்துவிடு, இருந்துவிடு என்று மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தது. ஆவாரம்பூவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஈரோட்டிலேயே இருக்கும் அக்கா கிளம்பிவிட்டாள் என்று ஜெசிந்தா அடுத்த அறையிலிருந்து சொன்னாள். நம்பிராஜன் திரும்பவும் விசைப்பலகையில் கை வைத்தார்.

'என் பெயர் நம்பிராஜன். அறுபத்தோரு வயசு. போன புரட்டாசியில நானும் இந்த முடிவுலதான் இருந்தேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ சொல்லிட்ட, நல்லதாப் போச்சு. உங்க அக்கா வந்துட்டு இருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன். நீயும் இரும்மா.'

அனுப்பிவிட்டார். காது இரண்டும் சுட்டது.

நான்கு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

'ஐயா, நீங்களுமா?'

அதன் பிறகு அவர் கை நிற்கவில்லை. வாசலுக்கு வந்துவிட்டாளா என்று கேட்டார். வந்துவிட்டாள். வெயில் அடிக்கிறதா என்று கேட்டார். அடித்தது. சாப்பிட்டாளா என்று கேட்டார். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் தன் சமையலைப் பற்றி எழுதினார், ரசம் ஒருநாளும் ரசமாக வந்ததில்லை என்று. கறிவேப்பிலை நடுவில் புகுந்து அவருக்குப் பக்குவம் சொன்னாள்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆவாரம்பூ எழுதினாள்.

'அக்கா வந்துட்டா. செருப்புகூடப் போடாம வந்திருக்கா.'

அப்புறம் அக்கா ஜெசிந்தாவிடம் பேசினாள். ஆட்டோ பிடித்து இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மனநல மருத்துவர் பார்த்துவிட்டார், உள்ளே சேர்த்திருக்கிறார்கள், இப்போது தூங்குகிறாள் என்று ஐந்தரை மணிக்குத் தகவல் வந்தது. ஜெசிந்தா அதைக் குழுவில் போட்டாள். 'அப்ப நான் வண்டிய எடுக்குறேன்' என்று தஞ்சை லாரியிடமிருந்து பதில் வந்தது.

நம்பிராஜன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கீழே போய் இரண்டு டீயும் நாலு வடையும் வாங்கிவந்து, மூன்றை அவரே தின்றார். அந்தப் புரட்டாசி மாதத்தைப் பற்றி ஜெசிந்தா கேட்பாள் என்று எதிர்பார்த்தார். வெள்ளிக்கிழமை இங்கேயே ஒரு மனநல மருத்துவரை அவரும் ஒருமுறை பார்க்க ஏற்பாடு செய்யட்டுமா என்று மட்டும் கேட்டாள். சரி என்றார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போலிருந்தது.

"ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றார் பிறகு. "அந்தக் கறிவேப்பிலை அம்மாவும் லாரிக்காரரும் போயிரணும்னு எழுதி ரெண்டு நாள்தான் ஆகுது. இன்னைக்கு இவளை இரு இருன்னு அத்தனை உறுதியா எப்படிச் சொன்னாங்க? அவங்களுக்கே நம்பிக்கை இல்லாத வார்த்தைதானே அது?"

ஜெசிந்தா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க எழுதுனத, அனுப்புறதுக்கு முன்னால ஒருக்கா படிச்சுப் பாத்தீங்களா சார்?"

"மூணு தடவ" என்றார் நம்பிராஜன்.

"அவங்க எழுதுன 'இரு'ங்கறத அவங்களும் படிச்சிருப்பாங்க."