விக்கலுக்குத் தண்ணீர்

மருதஞ்சேரி ஏரியைக் காத்துவந்த வெள்ளையப்பரை அரண்மனை விகடன் சீராளன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மதகு வாயை அடைத்திருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உங்களுக்குப் பிறகு இந்த வேலையை யார் செய்வார்கள் என்று சீராளன் கேட்டான்.

“ஏரியைக் காக்கிறேன்னு எத்தனையோ பேர் வருவான் தம்பி. தண்ணிக்குள்ள எறங்க எவன் வருவான்னுதான் தெரியல” என்றார் அவர்.

அவர் போன பிறகு இரண்டு கட்சிகள் வந்தன. ஒன்று உலக்கைக் கட்சி, மற்றது அம்மிக் கட்சி.

உத்தண்டராயர் ஆண்ட அந்த நாட்டில், ஏரித் தலைவரை ஊரார்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கோயில் வாசலில் கட்சிக்கு ஒரு குடம் வைப்பார்கள். பிடித்த குடத்தில் ஆளுக்கொரு ஓலை நறுக்கைப் போட வேண்டும். உலக்கைக் கட்சி ஜெயித்தபோது ஏரி மீன் குத்தகை அதன் தலைவருடைய மைத்துனருக்குப் போயிற்று. அடுத்த முறை அம்மிக் கட்சி ஜெயித்தது. மைத்துனர் மறுநாளே அம்மிக் கட்சியில் சேர்ந்தார். குத்தகை அவரிடமே இருந்தது. பாசியும் மதகிலேயே இருந்தது.

உலக்கைக்குப் போட்டால் இடிபடுகிறோம், அம்மிக்குப் போட்டால் அரைபடுகிறோம் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த தேர்தலில் ஊரார் ஒருவரும் வாசல் தாண்டவில்லை. பொழுது சாய்ந்து குடங்களைக் கவிழ்த்தால், உள்ளே இரண்டு தலைவர்களின் வீட்டு ஓலைகள் மட்டும் கிடந்தன. மைத்துனர் இரண்டு குடத்திலும் போட்டதாகக் கேள்வி.

அதுவரை எதிரெதிரே நின்ற தலைவர்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறி அரண்மனைக்குப் போனார்கள். ஊரார் அவமதித்தது எங்களை அல்ல, மகாராஜாவைத்தான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ராஜாவுக்கு மீசை துடித்தது. கொடுத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காத எவருக்கும் தண்ணீர் கிடையாது என்று உத்தரவு போட்டு, மருதஞ்சேரி மதகை இழுத்து மூடச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மருதஞ்சேரிப் பேச்சியம்மாள் சீராளன் வீட்டுக்கு வந்தாள். ஏரிக்குக் கீழே அவளுக்கு ஒரு துண்டு வயல். அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

“கதிர் பால் பிடிக்கிற நேரம் சாமி. இப்ப தண்ணி நின்னா அத்தனையும் பதரு.”

பேசாமல் ஏதாவது ஒரு குடத்தில் போட்டுவிடக் கூடாதா என்று கேட்டான் சீராளன்.

“போடலாம். எது கம்மியாத் திருடும்னு நீங்க சொல்லுங்க, அதுல போடுறேன்.”

சீராளன் நேரே அரண்மனைக்குப் போய், மத்தியானம் தன் வீட்டில் சாப்பிட வரவேண்டும் என்று ராஜாவை அழைத்தான். ராஜாவுக்கு விருந்தென்றால் கசக்குமா? காலைப் பலகாரத்தைக்கூடத் தொடாமல் வந்து இலைமுன் உட்கார்ந்தார்.

சமையல் ஆகும்வரை வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று வறுத்த கடலை மாவை ஒரு கிண்ணத்தில் வைத்தான் சீராளன். பசியில் ராஜா ஒரு பிடியை அள்ளிப் போட்டார். மாவு தொண்டையில் அடைத்தது. விக்கல் பிடித்துக்கொண்டது.

“தண்ணீர்” என்றார்.

சீராளன் சொம்பை எடுத்தான். ஆனால் கொடுக்கவில்லை. கையைத் தட்டினான். உள்ளேயிருந்து இரண்டு சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். ராஜாவுக்கு இருவரையும் தெரியும். ஒருவன் அரண்மனை நெய்யை வெளியே விற்றவன். மற்றவன் முந்தின நாள் சோற்றை அன்றைய சோற்றில் கலந்தவன். இருவரையும் விரட்டியவர் அவரேதான்.

“இவர்களில் ஒருவரை மகாராஜா தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று மட்டுமல்ல, இனி அரண்மனைச் சமையல்காரரே அவர்தான்.”

“இரண்டு பேரும், ஹிக், வேண்டாம். தண்ணீரைக் கொடடா.”

“கொடுக்க முடியாது மகாராஜா. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காத எவருக்கும் தண்ணீர் கிடையாதென்று உத்தரவு இருக்கிறது.”

ராஜா வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். காவலர்கள் ஓடிவந்தார்கள். தண்ணீர் கேட்பவர் ராஜா, தண்ணீர் கூடாதென்ற உத்தரவும் ராஜாவுடையது. எதை நிறைவேற்றுவதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றுவிட்டார்கள்.

“விக்கலுக்குத் தண்ணீர் கொடுக்காதவன் மனுஷனாடா?”

“கதிருக்கும் விக்கல்தான் மகாராஜா. மருதஞ்சேரியில் எல்லா வயலும் விக்கிக்கொண்டிருக்கிறது.”

ராஜா அவனை வெறித்துப் பார்த்தார். மேலும் இரண்டு விக்கல் வந்தது.

“மதகை, ஹிக், திறக்கச் சொல்.”

காவலர்களில் ஒருவன் குதிரையேறிப் போன சத்தம் கேட்ட பிறகுதான் சீராளன் சொம்பை நீட்டினான். ராஜா முழுவதையும் குடித்தார். மூச்சு விட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சமையல்காரன் சரியில்லை என்றால் நான் வேறு ஆளைத் தேடுவேன். மருதஞ்சேரியார் என்ன செய்வார்கள்?”

“அவர்களுக்கும் தேட ஒரு குடம் வையுங்கள் மகாராஜா. யார் பெயரும் இல்லாத குடம். அது நிறைந்தால் இரண்டு கட்சியும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.”

மறுவாரம் கோயில் வாசலில் மூன்று குடங்கள் இருந்தன. பேச்சியம்மாள்தான் முதல் ஆள். பெயரில்லாத குடம் உச்சிவேளைக்குள் நிரம்பி வழிந்தது. ராஜா நேரில் வந்து பார்த்தார்.

அப்போது உலக்கைத் தலைவர் எழுந்து, மக்கள் அம்மிக் கட்சியை எப்படி வெறுக்கிறார்கள் என்பதற்கு இந்தக் குடமே சாட்சி என்றார். உடனே அம்மித் தலைவர் எழுந்து, இது உலக்கைக் கட்சிக்கு விழுந்த அடி, ஆகவே தார்மீக வெற்றி எங்களுக்கே என்றார். மைத்துனர் பெயரில்லாத குடத்துக்கு மாலை போட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ராஜா சீராளனிடம் திரும்பி, இந்த மைத்துனரை என்ன செய்யலாம் என்று கேட்டார்.

“ஒன்றும் செய்ய வேண்டாம் மகாராஜா. மதகில் பாசி கிடக்கிறது. சேர்ந்த கட்சிக்காக இறங்கி உழைக்கச் சொல்லுங்கள்.”

ராஜா சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. சீராளனுக்குத் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதை ஊரே கரையில் நின்று பார்த்தது. பேச்சியம்மாளின் நெல் அந்தப் போகம் வீடு வந்து சேர்ந்தது.

உத்தண்டராயரின் கோட்டை இப்போது இல்லை. சீராளன் வீடு இருந்த இடமும் யாருக்கும் தெரியாது. இரண்டு கட்சிகளும் இருக்கின்றன.