ஏகாம்பரம் போட்ட பத்து டன் ஏசி

சத்துவாச்சாரியில், மணல் மட்டுமே கிடக்கும் பாலாற்றுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஏகாம்பரம் கார் ஏசி ரிப்பேரில் கெட்டிக்காரர். கையைவிட வாய் வேகம், அவ்வளவுதான். போன மே மாதம் என் கார் ஏசி அனல்காற்றாக ஊத ஆரம்பித்ததும் அவரிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கேஸ் லீக்கு சார். பைப் ஜாயிண்ட்ல ரப்பர் ஓரிங் போயிடுச்சு. மாத்திட்டு கேஸ் ஏத்திடலாம்."

பக்கத்து டயர் கடை இஸ்மாயில் பாய் வியாபாரம் இல்லாமல் வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.

"நல்லா கூல் ஆகுமா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஏகாம்பரம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? பொன்னையில ஒரு கல்யாணம் சார். பகல் மூணு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளை சதாசிவம் கோட்டு சூட்டு போட்டுக்கினு பழைய அம்பாசடர்ல ஏறினான். ரெண்டு தடவ மயக்கம். பொண்ணு வீட்ல, 'சீக்கு மாப்பிள்ளை'ன்னு கிசுகிசுன்னு ஆரம்பிச்சிட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பா என் கையப் புடிச்சிகினு அழுவறாரு. 'கல்யாணமே நின்னுடும்பா, இந்த வண்டிக்கு எப்பிடியாவது ஏசி போட்டுக் குடு'ன்றாரு. உடனே ஓடினேன். மூடிக் கெடந்த ஐஸ் ஃபேக்டரியில பத்து டன் கம்ப்ரசர் ஒண்ணு இருந்துச்சு. கழட்டியாந்தேன்."

"பத்து டன்னா? அம்பாசடர் தாங்குமா?" என்றார் பாய்.

"டன்னுன்னா எடை இல்ல பாய், குளிரோட அளவு. ஆனா எடையும் அவ்ளோதான் இருந்துச்சு. டிக்கில வெச்சேன்."

"முன்பக்கம் தூக்கிக்குமே!"

"தூக்கிச்சு. மாப்பிள்ளையோட தாய்மாமனைப் புடிச்சி பானெட்டு மேல உக்கார வெச்சேன். எறங்கிடுச்சு."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"ஒண்ணாம் நம்பர்ல வெச்சேன். மாப்பிள்ளைக்கு வேர்வை நின்னுச்சு. ரெண்டுல வெச்சேன். கழுத்து மாலையில ரோஜா அத்தினியும் கல்லாப் போச்சு. தட்டினா டிங்குங்குது. மூணுல வெச்சேன். மீசை ஒடைஞ்சி மடியில விழுந்துச்சு."

"மீசையா?"

"பசை போட்டு ஒட்டிட்டோம் சார். போட்டோவுல தெரியல."

"அப்ப மாமன் செத்திருப்பாரே குளிர்ல!" என்றார் பாய்.

"அங்கதான் பாய் நீ ஏசியப் புரிஞ்சிக்கல. ஏசி குளிரைத் தயார் பண்றது இல்ல. உள்ள இருக்கிற சூட்டை வாரி வெளிய கொட்டும். முன்னாடி சூட்டைக் கொட்டற கண்டன்சர் அடுப்பு மாதிரி எரியுது, பின்னாடி கண்ணாடி பனிக்கட்டி. மாமன் அப்பளம் மாதிரி திரும்பித் திரும்பி உக்காந்தாரு. அதுகூடப் பரவால்ல. வண்டிக்கு முன்னாடி போன பேண்டுக்காரன் ட்ரம்பெட்டு அந்த அனல்ல வளைஞ்சே போச்சு. இன்னிக்கும் அதைத்தான் சாக்ஸபோனுன்னு வாசிச்சிகினு இருக்கறான்."

"கல்யாணம் நடந்துச்சா இல்லியா?" எனக்கே ஆவல் வந்துவிட்டது.

"எங்க சார்? திடீர்னு மண்டபத்துக்கு வழி இல்ல. ஏசி ஓடினா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டும், பார்த்திருப்பீங்க. இது சொட்டல. கொட்டுது! தெரு ரொம்பி, ஏரி ரொம்பி, மதகை ஒடைச்சிகினு போவுது. மாப்பிள்ளைய ஒரு பெரிய அண்டாவுல உக்கார வெச்சி நான்தான் தள்ளிகினு போய்ச் சேத்தேன். பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்குதே! சீக்காவது ஒண்ணாவதுன்னு தாலிக்குக் கழுத்த நீட்டிடுச்சு. தண்ணி அதோட நிக்கல சார். பொன்னை ஆத்துல எறங்கி, நேரா பாலாத்துல கலந்து, ரெண்டு கரையும் தொட்டுகினு பாலாத்துல வெள்ளம்!"

இஸ்மாயில் பாய் எழுந்து லுங்கியை உதறிக் கட்டினார்.

"யோவ் ஏகாம்பரம், இவ்ளோ நேரம் நீ சொன்னது எல்லாத்தையும் நம்பினேன். பாலாத்துல தண்ணி வந்துச்சின்னு மட்டும் சொல்லாத!"