பத்து உருண்டையும் நாற்பது புள்ளியும்

கொப்பரைநாட்டு மன்னர் இடிமுழக்கவர்மர் கணினியில் ஆட்சி நடத்தினார். சிரிக்காதீர்கள், நன்றாகத்தான் நடந்தது, புதுத் திரை வந்து சேரும்வரை.

அரண்மனை மென்பொருள் எந்த வகைக் கணினியிலும் ஓடும். அதில் இரண்டே பொத்தான்கள்: ‘பரிசளி’, ‘நாடு கடத்து’. புதுத் திரையில் அவை பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய இரண்டு எள் மாதிரி தெரிந்தன. சமையற்காரர் பூங்காவனத்தின் அவியலைத் தின்று சொக்கிப்போன மன்னர், பரிசளிக்கப் போய் அவரை நாடு கடத்திவிட்டார்!

அமுக்கினால் அமுக்கியதுதான். மென்பொருளில் பிழை என்று தலைமை நிரலாளர் நுண்மதியார் ஒப்புக்கொண்டால் மட்டுமே ஆணை ரத்தாகும். அந்த மனிதர் ஒப்புக்கொள்வாரா?

“திரை என்பதே புள்ளிகளால் ஆனது. பொத்தானுக்கு நாற்பது புள்ளி உயரம் வைத்தேன். எல்லாத் திரையிலும் அதே நாற்பதுதான். என் கணினியில் சரியாகத்தான் தெரிகிறது, மன்னா!”

“புதுத் திரையில் புள்ளியே பொடிப்பொடியாக இருக்கிறதே, ஐயா?” என்றான் அரசவை விகடன் தாண்டவன்.

“எண்ணிக்கை சரி. கோளாறு பார்க்கிறவர் கண்ணில்!”

மன்னரின் மீசை துடித்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. சாயங்காலத்துக்குள் எல்லையைத் தாண்ட வேண்டிய பூங்காவனம், கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டிகளை மூட்டை கட்டினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

தாண்டவன் அவர் காதில் ஏதோ ஓதினான். பிறகு சபையில், “பூங்காவனம் புறப்படுமுன் மத்தியானம் ஒரு விருந்து. தலைக்குச் சரியாகப் பத்து உருண்டை!” என்று அறிவித்தான்.

மன்னர் இலையில் பத்து லட்டு விழுந்தது. தாண்டவன் இலையிலும் பத்து லட்டு. நுண்மதியார் இலையில் பூந்தி. உதிரியாகப் பத்தே பத்து பூந்தி.

“என்னய்யா இது, எறும்புக்கா போடுகிறீர்கள்?” என்று குதித்தார் நுண்மதியார்.

“எண்ணிப் பாருங்கள், ஐயா.”

“பத்துதான். உருண்டை பொடிசாக இருந்தால் எண்ணிக்கையை வைத்து நான் என்ன செய்வது?”

தாண்டவன் லட்டைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “என் இலையில் சரியாகத்தான் தெரிகிறது.”

மன்னர் சிரித்த சிரிப்பில் லட்டு புரையேறியது. நுண்மதியார் பூந்தியைப் பார்த்தார், லட்டைப் பார்த்தார். பசி வேறு.

“பிழைதான், மன்னா! புள்ளி சிறுத்தால் எண்ணிக்கையைக் கூட்டியிருக்க வேண்டும்!”

ஆணை ரத்தானது. பூங்காவனம் மூட்டையை அவிழ்த்தார்.

அன்றே திருத்தமும் வந்தது. அவசரத்தில் நுண்மதியார், பொத்தானைப் பெரிதாக்கும்படி கணினியிடமும் சொல்லிவிட்டு, தன் பங்குக்குத் தானும் பெரிதாக்கிவிட்டார். ‘பரிசளி’ திரை முழுக்க உட்கார்ந்துகொண்டது. ‘நாடு கடத்து’ ஓரம் தாண்டிக் காணாமலே போனது. ஒரு வாரம் மன்னரால் பரிசு மட்டும்தான் கொடுக்க முடிந்தது. கடுப்பில் நுண்மதியாரைத் தண்டிக்கப் போனார், அவருக்கும் ஒரு பட்டுச் சால்வை போய்ச் சேர்ந்தது.

“தாண்டவா, இதற்கெல்லாம் காரணம் நீ. உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!” என்றார் மன்னர்.

தாண்டவன் வாசலில் சால்வையும் சிரிப்புமாக நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

“இந்தப் பிழையை மட்டும் யாரும் திருத்த வேண்டாம், மன்னா!”